சவுரியின் எண்பத்தெட்டாவது கேசட்

அபிதகுஜாம்பாள் திருவண்ணாமலையிலிருந்து தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலாகி வந்தது எண்பத்தொன்பதாம் வருடம் ஜூன் மாதம். வந்த நான்காம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து போர்டு ஆபரேட்டர் சரசு அவள் காதருகே குனிந்து கேட்டாள்.

"உன்கிட்ட சவுரி ஏதாவது இருக்கா?"

அபிதா தன் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு எதுக்குக்கா சவுரி? முடி ஒண்ணும் அவ்வளவு கொட்டிடலையே."

சரசு சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. எதிரே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த ஜெயவேலு சிரிக்கவில்லை. அவன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு வேடிக்கையே பிடிக்காது.

"இன்னா மேடம் இது, சவுரி தெர்லன்றீங்க! முடி சவுரி இல்ல மேடம், பாட்டு சவுரி. கீழ்க்கட்டளை சவுரிமுத்து."

அப்புறம் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். சவுரிமுத்து பல்லாவரம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர். திங்கள் முதல் சனி வரை இரும்புத் தகடுகளை மெஷினில் கொடுத்து அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்ததும், வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வார். பாட்டை எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, கேசியோ கீபோர்டு வாசிப்பது எல்லாம் அவரே. சினிமாவுக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. மாதம் ஒரு கேசட். ஏழு வருடத்தில் எண்பத்தைந்து வந்துவிட்டன. எந்தக் கேசட்டுக்கும் பெயர் இல்லை, நம்பர்தான். ஜெயவேலு போன்றவர்கள் டபுள் டெக் டேப்ரிக்கார்டரில் பிரதி எடுத்துக் கொடுக்க, தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஒரு அறுபது பேர் கேட்டார்கள். அந்த அறுபது பேருக்கும் சவுரி என்றால் உயிர்.

"பன்னெண்டாம் நம்பர் குடுக்கலாம். மொதமொத கேக்கறவங்களுக்கு அதான் நல்லது" என்றாள் சரசு.

"பன்னெண்டா? அதுல பாதிக்கு மேல குக்கர் சத்தம்தான்க்கா கீது. பேஜாராப் பூடும். முப்பத்தொண்ணு குடுங்க."

"முப்பத்தொண்ணுல ரெண்டாவது பக்கம் தேறாதே."

"தேறாதா? ரேஷன் கடை பாட்டு எதுல கீது?"

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தும் அவர்கள் சண்டை ஓயவில்லை. சவுரியின் பாட்டுகளை அவர்கள் தனித்தனிக் காலங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கேசியோ வாங்குவதற்கு முன்னால் பிரஷர் குக்கரிலும் தகர டப்பாவிலும் தாளம் போட்டது குக்கர் காலம். கேசியோ வந்த பிறகு சைக்கிள், பஸ், ரயில்வே கேட் என்று போக்குவரத்தாகவே பாடித் தள்ளியது கேட் காலம். கடைசி இரண்டு வருடத்துக் கேசட்டுகளில் வாத்தியம் எல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி கூர்மையாக ஒலிக்கும். அதற்கு வெள்ளி காலம் என்று பெயர். பெயர் வைத்தவன் ஜெயவேலு.

கடைசியில் முப்பத்தொன்றாம் நம்பர் அபிதாவின் கைப்பையில் ஏறியது.

செம்பாக்கத்தில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டின் பின்போர்ஷனில் அபிதாவும் அவள் அம்மா பாலாம்பாளும் குடியிருந்தார்கள். அன்று சாயங்காலம் கேசட்டைப் போட்டாள். ஆண் குரல், பாதி பேச்சு, பாதி பாட்டு. அடியில் கேசியோவின் டிக்டிக். இரண்டு பாட்டு ஓடியதும் பாலாம்பாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இது? வாசல்ல யாரோ விக்க வந்திருக்கான்னு நெனச்சேன்."

அபிதாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "நன்னாத்தான் இருந்தது" என்று சொல்லிவைத்தாள். ஜெயவேலு அவள் முகத்தைப் பார்த்தான். "பொய் சொல்லாதீங்க மேடம். இன்னும் நாலு நாள் வச்சிகினு குடுங்க" என்று அவள் மேஜையிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் அரக்கோணம் லைனைப் பிடித்துக் கொடுப்பதற்காகக் காத்திருந்தபோது, மறுமுனையில் இருந்த ஒரு பெரியவர், "என்னம்மா பாட்டு அது?" என்று கேட்டார். அப்போதுதான் அபிதாவுக்கு, தான் முனகிக்கொண்டிருந்தது உறைத்தது.

*வியாழக்கிழமை வருமுன்னான், சிலிண்டர் வருமுன்னான்,*
*எந்த வியாழன்னு நான் கேக்கலியே, அவனும் சொல்லலியே.*

அவ்வளவுதான் பாட்டு. அந்த இரண்டு அடியையே மூன்று நிமிடம் பாடுவார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக நம்பிக்கை இழந்து பாடுவார். செம்பாக்கத்துக்குக் குடிவந்த நாளாக அபிதா வீட்டிலும் சிலிண்டர் வரவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு அம்மா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக் கதையை யாரோ எட்டிப் பார்த்துவிட்டு, கேலியும் பண்ணாமல், இரக்கமும் படாமல், நடந்ததை நடந்தபடி பாடியது போலிருந்தது.

"ஒண்ணாம் நம்பர்லேர்ந்து வரிசையா கேக்கறேனே" என்று ஜெயவேலுவிடம் கேட்டாள்.

சரசுவும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி யாருமே கேட்டதில்லை. சரசு சேர்ந்துகொண்டது பதினெட்டாம் நம்பரில். ஜெயவேலு ஒன்பதில். பின்னால் போய்ப் பழசைத் தேடிக் கேட்டார்களே தவிர, எல்லோரும் மாதம் ஒன்றாக, வரவர வாங்கிக் கேட்டவர்கள்தான்.

"ஒண்ணாம் நம்பர் கொஞ்சம் கஷ்டம் மேடம்" என்றான் ஜெயவேலு. ஆனாலும் மறுநாளே பத்துக் கேசட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாதம் அபிதா வேறு எதையும் கேட்கவில்லை. காலையில் சமைக்கும்போது ஒரு பக்கம், சாயங்காலம் மறுபக்கம். குக்கர் காலம் போய், கேசியோ வந்து, பாட்டுகள் பெருகின. கோயில் வாசலில் காணாமல் போன செருப்பைப் பற்றி ஒன்று. பல் பிடுங்கப் போனவன் பயந்து திரும்பி வந்தது பற்றி ஒன்று. ராதா நகர் கேட்டில் ரயில் போவதற்காக நிற்கும்போது எதிர்ப்பக்கம் நிற்பவர்களைப் பார்ப்பது பற்றி மட்டும் ஆறு. அவற்றில் மூன்று மட்டம், இரண்டு சுமார், ஒன்றைக் கேட்டுவிட்டு அபிதா அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பாலாம்பாள்கூட ஒருநாள், "அந்தப் பல்லு பாட்டு எங்கடி?" என்று கேட்டுவிட்டாள்.

எழுபதாம் நம்பரைத் தாண்டியபோதுதான் அபிதாவுக்கு ஏதோ உறுத்தியது.

வாத்தியம் காதைக் குத்தியது. அது வெள்ளி காலம், சரி. ஆனால் குரலும் மாறியிருந்தது. "சிலிண்டர்" என்பதை முப்பத்தொன்றில் எவ்வளவு சுத்தமாகச் சொன்ன மனிதர், எழுபத்தெட்டில் "சனிக்கிழமை" என்னும்போது அந்தச் 'ச'வை விழுங்கினார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சுருதி லேசாக நழுவியது. எண்பதுக்கு மேல் நன்றாகவே நழுவியது. ஏழு வருடத்தில் மெல்ல மெல்ல நடந்தது, மூன்றே மாதத்தில் கேட்ட அவளுக்கு, படிக்கட்டில் யாரோ ஒரு படி ஒரு படியாக இறங்குவது போலத் தெரிந்தது.

இந்த மாதிரிக் குரலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். பதினோரு வருடமாக ஹெட்செட்டில் ஊரார் குரலைக் கேட்பவள் அவள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "இவருக்குக் காது மந்தம், உரக்கச் சொல்லணும்" என்று தெரிந்துவிடும். அவர்கள் சத்தமாகப் பேசுவதால் மட்டும் அல்ல. தங்களுக்குக் கேட்காத எழுத்துகளை அவர்கள் மெல்ல மெல்லச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"வெள்ளி காலம் உங்களுக்குப் புரியல மேடம்" என்றான் ஜெயவேலு. "வேணும்னேதான் அந்த மாதிரி பண்றாரு. மூணு மாசம் சவுரி கேட்டுட்டு எங்களுக்கே சொல்றீங்களா?"

"நான் குறை சொல்லல ஜெயவேலு. அவருக்குக் காது சரியா கேக்கலையோன்னு..."

"அபிதா, விடு" என்றாள் சரசு. குரலில் வருத்தம் இருந்தது. "நேர்ல ஒரு தடவ பாரு. அப்புறம் பேசு. வர ஞாயித்துக்கெழம எண்பத்தெட்டு பதிவு. நாங்க கூட்டிகினு போறோம்."

கீழ்க்கட்டளையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, ஓடு போட்ட சிறிய வீடு. சவுரிமுத்து நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, கட்டையான ஆள். கோயிலுக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டையோடு, இடுப்பில் லுங்கி. "வாங்க சிஸ்டர், வாங்க" என்று அபிதாவைக் கும்பிட்டார். அவர் மனைவி செல்வமேரி எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, குழம்புக்கு மசாலா அரைக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

பதிவு எப்படி நடக்கும் என்று சரசு முன்பே சொல்லியிருந்தும் அபிதாவுக்கு அதை நம்ப முடியவில்லை. பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, செல்வமேரியின் புடவைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு பாடினார். எதிரொலி வராமலிருக்கப் புடவையை விடச் சிறந்தது இல்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. கேசியோ பக்கத்தில் ஸ்டூலில் இருந்தது. இடது கையால் அதை வாசித்தார். ஒரு பாட்டை ஒரு தடவைதான் பாடுவார். தப்பு வந்தால் தப்போடு போகும். "கறிக்கடைக்காரன் வெட்டின கறியைத் திருப்பி ஒட்டறானா?" என்று கேட்பாராம்.

முதல் பக்கத்துக்கு ஐந்து பாட்டு முடிந்தது. தலையை வெளியே எடுத்தபோது முகம் வியர்வையில் நனைந்திருந்தது. ஜெயவேலு கைதட்டினான். மூன்றாவது பாட்டு உண்மையிலேயே அழகான பாட்டு, ஷிப்ட் முடிந்து வருபவனும் ஷிப்ட்டுக்குப் போகிறவனும் ஒரே சைக்கிளை மாற்றிக்கொள்வதைப் பற்றி. ஆனால் மேலே போன இடத்திலெல்லாம் சுருதி விலகியிருந்தது. செல்வமேரி பின்கட்டிலிருந்து, "உப்பு வாங்கினு வந்தியா இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் திரும்பவே இல்லை.

டேப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அபிதா கேசியோவின் அருகில் போய் நின்றாள்.

"வாசிங்க சிஸ்டர், வாசிங்க" என்றார் சவுரிமுத்து. "மேல கடைசி ஆறு கட்டை மட்டும் வேல செய்யாது. போன வருசமே டெட்டு. பர்மா பஜார் சரக்கு, அப்படித்தான்."

அபிதா கடைசிக் கட்டையைத் தொட்டாள். அது அப்போது மணி ஓசையில் இருந்தது. டிங் என்று கூர்மையாக அறை முழுவதும் ஒலித்தது. அதற்கு அடுத்ததைத் தொட்டாள். அதுவும் ஒலித்தது. ஆறு கட்டையும் ஒலித்தன.

"பாத்தீங்களா? ஒண்ணுமே வராது" என்றார் அவர்.

சரசு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் ஜெயவேலுவைப் பார்த்தார்.

"ஆமாண்ணா" என்றான் ஜெயவேலு. அவன் கண் கலங்கியிருந்தது. "டெட்டுதான்."

அபிதாவுக்கும் அதையே சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. முன்பின் தெரியாத மனிதர், ஞாயிற்றுக்கிழமை, டீ கொடுத்த வீடு. ஆனால் பேசாமல் இருந்தால் எண்பத்தொன்பதாம் கேசட்டில் காது இன்னும் கொஞ்சம் போகும், தொண்ணூறில் இன்னும் கொஞ்சம்.

"இல்ல சார். ஆறு கட்டையும் வேலை செய்யறது. எங்களுக்குக் கேக்கறது" என்றாள்.

சவுரிமுத்து சிரிக்கப் பார்த்தார். பிறகு கதவருகே வந்து நின்ற மனைவியிடம் திரும்பி, "மேரி, உனக்கு?" என்றார்.

செல்வமேரி மசாலா கையோடு நின்றாள். "கேக்குது. தெனமும்தான் கேக்குது." கொஞ்சம் நிறுத்தி, "நான் கூப்பிட்டா நீ வேணும்னே திரும்ப மாட்டேன்றேன்னு இத்தினி நாளு நெனச்சினு இருந்தேன்" என்றாள்.

அவர் தானே அந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். காதைக் கேசியோவின் மேலேயே வைத்து அழுத்தினார். அப்புறம் சுவிட்சை அணைத்து, பீரோவைச் சாத்தினார்.

"இன்னொரு நாளு பாக்கலாம்" என்றார்.

பஸ் ஸ்டாப் வரை மூவரும் நடந்தார்கள். பஸ் வந்ததும் ஜெயவேலு மட்டும் ஏறவில்லை. "நீங்க போங்க" என்று சரசுவைப் பார்த்துச் சொன்னான். அபிதாவைப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் கேசட் வரவில்லை. அக்டோபரிலும் இல்லை. ஏழு வருடத்தில் அது முதல் தடவை. விஷயம் அறுபது பேருக்கும் எப்படியோ பரவியது. பெருங்களத்தூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எக்ஸ்சேஞ்சுக்கே போன் போட்டு, "அந்தப் புது அம்மா யாருங்க?" என்று கேட்டார். போனை எடுத்தது அபிதாதான். "நான்தான் சார்" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஜெயவேலு வேறு மேஜைக்குப் போய்விட்டான். சரசு மட்டும் கூட உட்கார்ந்தாள், ஆனால் பேச்சு சமையலைத் தாண்டி வேறு எதற்கும் போகவில்லை.

அபிதா இரவல் வாங்கிய கேசட்டுகளை எல்லாம் துடைத்து, நம்பர்படி அடுக்கி, ஜெயவேலுவின் மேஜையில் வைத்தாள். தன் வாயால் ஒரு மனிதரின் பாட்டு நின்றுபோனது என்ற எண்ணம் அவளை விடவில்லை. வீட்டில் டேப்ரிக்கார்டரை அவள் தொடவில்லை. பாலாம்பாள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

நவம்பர் இரண்டாம் வாரம், நல்ல மழை. எக்ஸ்சேஞ்ச் வாசலில் பார்க்க ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். சவுரிமுத்து குடையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார். வலது காதுக்குப் பின்னால் ஒரு கருவி. அதிலிருந்து சட்டைப்பைக்கு ஒயர் போயிற்று.

"பெரியாஸ்பத்திரில காட்டினேன் சிஸ்டர்" என்றார். தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார், வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். "மெஷின் சத்தத்துல நரம்பு போயிருச்சாம். பத்தொம்பது வருசம் பிரஸ் ஷாப்பு. போனது வராதாம். இருக்கறத காப்பாத்திக்கலாமாம். யூனியன்ல பேசி ஸ்டோர்ஸுக்கு மாத்திட்டாங்க."

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் அபிதா.

"நீங்க சொல்லலன்னா இன்னும் ஒரு வருசம் அங்கயே நின்னுகினு இருப்பேன். கோவம் வந்துச்சுதான். ஒரு மாசம் கோவமாத்தான் இருந்தேன்." குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். "அத விடுங்க. எண்பத்தெட்டுல ரெண்டாவது பக்கம் காலியா கீது. பாட்டு பத்து பாஞ்சி சேர்ந்துபோச்சு, தூக்கம் வரமாட்டேங்குது. ஞாயித்துக்கெழம வரீங்களா?"

"நான் வந்து என்ன சார் பண்ண?"

"பக்கத்துல நில்லுங்க. சுருதி மேல போனா கைய மேல தூக்குங்க, கீழ போனா கீழ காட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

"எனக்குப் பாடத் தெரியாது. சின்ன வயசுல ரெண்டு வருஷம் கத்துண்டதோட சரி."

"பாடறதுக்கு நான் கீறேன் சிஸ்டர். எனக்குக் காதுதான் வேணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும்தான் போனார்கள். சரசு எப்படிப் பேசி ஜெயவேலுவைக் கூட்டிவந்தாளோ, அவன் மூலையில் நாற்காலியைப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பீரோவுக்குள் தலையை விட்டால் அபிதாவின் கை தெரியாது. எனவே மைக்கை வெளியே எடுத்துக் கயிற்றில் கட்டி, சுற்றிலும் புடவைகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு ஜன்னல் மாதிரி இடம் விட்டார்கள். செல்வமேரி, "நல்ல புடவைல கிளிப் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தன் கல்யாணப் புடவையையும் எடுத்துக் கொடுத்தாள்.

முதல் பாட்டின் இரண்டாவது அடியிலேயே அபிதா கையைக் கீழே காட்ட வேண்டியிருந்தது. அவர் ஏற்றினார். அதிகமாக ஏற்றிவிட்டார். கையை மேலே தூக்கினாள். அவர் பாட்டை நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா" என்றார்.

ஜெயவேலு எழுந்து நின்றுவிட்டான். "அண்ணே, ரெண்டாவது தபா நீங்க பாட மாட்டீங்களே!"

"இப்போ பாடறேன்" என்றார் சவுரிமுத்து. "உக்காரு."

நான்கு தடவை பாடினார். நான்காவது தடவை சுருதி அநேகமாக நின்றது. இரண்டாவது பாட்டுக்கு மூன்று தடவை. குழம்பு கொதித்து ஆறிப்போனது. மூன்றாவது பாட்டு மழைக்காலத்தில் வீட்டுக்குள் கட்டிய கொடியில் துணி காயாமல் கிடப்பது பற்றி. அதன் கடைசி அடியில் அவர் குரல் ஒரு இடத்தில் கீழே சரிந்தது. அபிதா கையைக் கீழே காட்டினாள். அவர் பார்த்தார், ஏற்றவில்லை. சரிந்தபடியே பாடி முடித்தார்.

"கடைசில எறங்கிடுத்து சார்."

"தெரியும். ஈரத்துணி எறங்கத்தான் செய்யும். வேணும்னேதான் பாடினேன்."

வேண்டுமென்றே பாடினாரா, கேட்காமல் பாடிவிட்டு இப்படிச் சொல்கிறாரா என்று அபிதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. ஜெயவேலுவைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த எடம் அப்படியே இருக்கட்டும் மேடம்" என்றான். கெஞ்சுவது போல இருந்தது.

"சரி, இருக்கட்டும்" என்றாள் அபிதா.

சாப்பிட்டுவிட்டுப் புறப்பட மூன்று மணி ஆகிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் மாஸ்டர் கேசட்டை ஜெயவேலு பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான், மழை வந்தால் நனையாமல் இருக்க. முதல் பக்கமா இரண்டாவது பக்கமா எது ஒசத்தி என்று சரசு ஆரம்பித்தாள். முதல் பக்கம்தான் என்றான் அவன். அதில்தான் சைக்கிள் பாட்டு இருக்கிறது, அதை எவனும் தொட முடியாது. இரண்டாவது பக்கத்தில் எல்லாம் ரொம்ப ஒழுங்கு.

"ரொம்ப ஒழுங்குன்னா?" என்று கேட்டாள் அபிதா.

"ஒழுங்குன்னா ஒழுங்குதான் மேடம். நீங்க நின்னுகினு கைய ஆட்டுனா பின்ன எப்படி இருக்கும்?" என்றான் ஜெயவேலு. ஆனால் பஸ் வந்தபோது முதலில் ஏறி, பெண்கள் பக்கத்தில் அவளுக்கும் சரசுவுக்கும் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்தான். மேடவாக்கம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஈரத்துணிப் பாட்டின் கடைசி அடி எதற்காக இறங்குகிறது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தான்.